வண்டும் விமானமும்

வன்னியில் ‘வண்டு’ என்னும் சொல்லுக்கு அகராதிகளிற் காணாத பொருள் ஒன்று உண்டு. யுத்த காலத்தில் வானில் வட்டமிட்டு வேவு பார்த்த ஆளில்லா விமானத்துக்கு எங்கள் சனங்கள் இட்ட பெயர் அது. கிபிர், புக்காரா, சகடை என்று மற்ற விமானங்களுக்கும் பெயர்கள் வழங்கின. அவை வந்தன, குண்டு போட்டன, போய்விட்டன. வண்டோ ஒரே சுருதியில் இரைந்துகொண்டு நெடுநேரம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும். சிறிய பிஸ்டன் எந்திரத்தால் இயங்கிய அதன் ஓசை காதில் விழுந்தால், அடுப்பில் வைத்த உலையை அப்படியே விட்டுவிட்டுப் பதுங்குகுழியைத் தேடுவது வழக்கமாயிற்று. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் இப்போது மேல் வகுப்புகளுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு வண்டு என்றால் பூவில் மொய்க்கும் வண்டுதான்.

மாதிரி விமானம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தவன் இந்தப் பழங்கதையை ஏன் எடுக்கிறான் என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் ஊரிற் பறப்பதைப் பற்றி எது பேசினாலும் இந்தக் கதையைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னிப் பாடசாலைகளில் மாணவர்கள் தம் கையாற் பெரிய மாதிரி விமானங்களைக் கட்டிப் பறக்கவிட வேண்டும். அவை மின்சாரத்தால் இயங்குபவையாக இருக்க வேண்டும். ஊரார் பார்த்திருக்கப் பறக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையை நான் கற்றுக்கொண்டது பிந்தித்தான். அதைக் கற்பித்தவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அல்லர்.

நான் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். வட்டக்கச்சிப் பக்கத்தில், இரணைமடு வாய்க்கால் பாயும் ஒரு துண்டுக் காணியில் வாழ்கிறேன். 2021 ஆம் ஆண்டின் முடிவில் ஜேர்மனியில் வசிக்கும் என் மருமகன் நீண்ட பெட்டி ஒன்றை அனுப்பிவைத்தான். உள்ளே ‘பைப்பர் கப்’ என்னும் அமெரிக்க விமானத்தின் நான்கிலொரு பங்கு மாதிரிக்குரிய வரைபடமும் மரத் துண்டுகளும் இருந்தன. முப்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டு, எத்தனையோ பேருக்கு விமானமோட்டப் பழக்கிய எளிய விமானம் அது. மூல விமானத்தின் இறக்கை நீளம் ஏறத்தாழ 10.7 மீற்றர், எங்கள் மாதிரிக்கு 2.7 மீற்றர், அதாவது ஒன்பது அடிக்குச் சற்றே குறைவு. கட்டி முடித்து விறாந்தையிற் குறுக்கே வைத்தால் வீட்டுக் கதவைத் திறக்க முடியாது. அதனுடன் 26 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஈரடிப்புப் பெற்றோல் எந்திரம் ஒன்றும் வந்திருந்தது. மருமகன் தான் சிறுவனாயிருந்தபோது என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வட்டியும் முதலுமாக அனுப்பிய பொருள் அது என்று நினைக்கிறேன்.

உயர்தர வகுப்பு மாணவர் மூவர் மாலைவேளைகளில் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகள். மற்ற இருவரின் கையையும் என் கையையும் விட அவளுடைய கை நிதானமானது. பழைய கதவு ஒன்றை மேசையாக்கி, வரைபடத்தை அதன்மேல் விரித்துக் குண்டூசி குத்தி, பல்சா மரக்கீலங்களை ஒவ்வொன்றாக ஒட்டினோம். பல்சா தென்னமெரிக்க மரம். எக்குவடோரிலிருந்து உலகமெங்கும் போகிறது. உடைந்த இடங்களுக்கு ஈடாக எங்கள் வேலியில் நின்ற முள்முருக்கைச் சீவிக் காயவைத்துப் பயன்படுத்தினோம். அது பல்சாவைப் போல அவ்வளவு இலேசன்று. என்றாலும் இறக்கை நுனிக்குப் போதுமாயிருந்தது. இறக்கையின் விலா எலும்புகள் வரிசையாக எழுந்து நின்றபோது, இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் நான் கீறிய இறக்கைக் குறுக்குவெட்டுகளையெல்லாம் நினைத்து வெட்கப்பட்டேன். மேற்பக்கத்தாற் செல்லும் காற்றுக்குத் தூரம் அதிகம். கீழ்ப்பக்கத்துக் காற்றை மறுமுனையிற் சந்திப்பதற்காக அது விரைகின்றது. ஆகவே அமுக்கம் குறைகின்றது என்று பேர்னூலியின் பெயரைச் சொல்லி எத்தனை தலைமுறைக்குப் படிப்பித்திருக்கிறோம்! இரு காற்றுகளும் அவ்வாறு சந்தித்துக்கொள்வதேயில்லை. மேற்காற்று முந்திப் போய்விடுகின்றது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகின்றது, காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளுகின்றது என்று நியூட்டனைக் கொண்டே சொல்லியிருந்தால் பிள்ளைகளுக்கும் விளங்கியிருக்கும், எனக்கும் பாவம் சேர்ந்திராது.

ஐந்து மாதங்களின் பின், 2022 யூன் மாதத்தில், எந்திரத்தை இயக்கிப் பார்க்கும் நாள் வந்தது. நாடு முழுவதும் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். என் மோட்டார் சைக்கிளில் மிஞ்சியிருந்த பெற்றோலில் அரைப் போத்தலை வடித்தெடுத்து, எண்ணெய் கலந்து, விமானத்தை மாமரத்தோடு கட்டி, சுழலியைத் தட்டினோம். நாலாம் தட்டுக்கு எந்திரம் பிடித்தது. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். நானும் துள்ளினேன் என்றே சொல்ல வேண்டும்.

ஒரு நிமிடம் சென்றிராது. வேலிக்கு அப்பாலிருந்து ஓர் அவலக் குரல் கேட்டது. பக்கத்து வளவு ஆச்சி பேரனைக் கையிற் பிடித்து இழுத்துக்கொண்டு வாழைப் பாத்திக்குள் ஓடினா. அந்த இடத்திற்றான் முன்பு அவவுடைய பதுங்குகுழி இருந்தது. மீளக் குடியேறிய பின் அதைத் தூர்த்து வாழை வைத்தார்கள்; ஆனாலும் நிலம் சற்றுத் தாழ்ந்தே கிடந்தது. அந்தத் தாழ்வில், பிள்ளையை அடியில் வைத்து அதன்மேற் கவிழ்ந்து கிடந்தா. எந்திரத்தை நிறுத்திவிட்டு நான் போய்ப் பக்கத்தில் நெடுநேரம் இருந்தேன். “ஆச்சி, அது என்ரை வீட்டுச் சாமான்தான்” என்றேன். அவ எழுந்திருக்கவில்லை. அந்த ஓசை நின்று வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தா. அன்றிரவு என் மாணவர்களுக்கு வண்டின் கதையை முதன்முதலாகச் சொன்னேன். ஒரே பாடசாலையில், ஒரே நிலத்தில் இத்தனை ஆண்டுகள் அவர்களோடு பேசிப் பழகியும் அதைச் சொல்லாதிருந்திருக்கிறேன்.

சீவகசிந்தாமணியைக் கற்றவர்கள் மயிற்பொறியை மறந்திருக்கமாட்டார்கள். சச்சந்தன் தன் தேவி விசயையை அதில் ஏற்றித் தப்புவித்தான். கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு அவள் மூர்ச்சையானாள். பொறி சுடுகாட்டில் வந்து இறங்கியது. நம்மவர் அன்றே விமானம் கண்டார்கள் என்று மேடைகளிற் பெருமை பேசுவோருக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். எனக்கோ அன்றிரவு அந்த முரசுதான் நினைவில் நின்றது. பறக்கும் பொறியில் யாதொரு பழுதும் இல்லை; காதில் விழுந்த ஓர் ஓசை போதுமாயிருந்தது.

அந்தக் கிழமையே எந்திரத்தைக் கழற்றினோம். கேட்டவர்களுக்கெல்லாம் பெற்றோல் இல்லை என்று காரணம் சொன்னேன். அது பொய்யன்று, ஆனால் முழு உண்மையுமன்று.

விமானத்தை மின்சாரத்துக்கு மாற்றுவது எந்திரம் இருந்த இடத்தில் மோட்டரைப் பூட்டிவிடும் வேலை என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். கணக்குப் பார்க்கத் தொடங்கியபோது கண் விழித்தது. ஒரு கிலோ பெற்றோலில் ஏறத்தாழ 46 மெகாயூல் சக்தி அடங்கியிருக்கின்றது. நாங்கள் வாங்கக்கூடிய இலிதியம் பொலிமர் மின்கலத்தில் ஒரு கிலோவுக்கு அரை மெகாயூலுக்குச் சற்று மேல். எண்பது மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம்! எனினும் அந்தச் சிறிய பெற்றோல் எந்திரம் தான் உண்ட சக்தியிற் பெரும்பகுதியை வெப்பமாகவும் ஓசையாகவும் வீசிவிடுகின்றது. நல்ல மின்மோட்டரோ பெற்றதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுழலிக்குக் கொடுக்கின்றது. இந்தப் பெரிய வித்தியாசத்திற் சிறிதளவு அதனால் ஈடாகின்றது. மிச்சத்துக்கு நாம் பறக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வேறு வழியில்லை.

இத்தகைய சாந்தமான விமானத்துக்கு ஒரு கிலோ நிறைக்கு 150 முதல் 200 வாற்று வரை வலு இருந்தாற் போதும். எங்கள் விமானம் மின்கலத்தோடு ஏழரைக் கிலோ. ஐந்து கலங்கள் கொண்ட இரு தொகுதிகளைத் தொடராக இணைத்தால் 37 வோல்ற்று. 40 அம்பியர் எடுத்தால் 1480 வாற்று. மின்கலத்தின் கொள்ளளவு 5 அம்பியர் மணித்தியாலம். முழு வலுவில் ஏழரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். மேலெழுந்த பின் பாதி வலுவே வேண்டுமாதலால், ஐந்திலொரு பங்கை மிச்சம் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பறக்கலாம். இந்தப் பெருக்கலையும் வகுத்தலையும் மூவரும் தனித்தனியே செய்து, மூன்று விடைகளும் ஒன்றாக வந்தபோது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பை எந்தப் பரீட்சை மண்டபத்திலும் நான் கண்டதில்லை.

மோட்டரையும் மின்கலங்களையும் அவ்வாண்டு மார்கழியில் விடுமுறைக்கு வந்த மருமகனே கொண்டுவந்தான். ஒவ்வொரு தொகுதியும் 100 வாற்று மணித்தியாலத்துக்கு உட்பட்டபடியால் விமானத்தில் கைப்பொதியோடு கொண்டுவர முடிந்தது. மோட்டரைக் கண்டு பிள்ளைகள் ஏமாந்து போனார்கள். இந்தக் கைப்பிடியளவு உருளையா ஒன்பதடி இறக்கையை இழுக்கப் போகிறது? தூரிகையும் இல்லை, திசைமாற்றியும் இல்லை, மூன்று கம்பிகள் மாத்திரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவர்களைக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, பழைய மிதிவண்டித் தைனமோ ஒன்றைத் தேடி எடுத்தேன்.

அந்தத் தைனமோவுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடை இருந்தபோது, வன்னிக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் மின்கலமும் ஒன்று. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம் அது. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையாற் சுற்ற, மற்றவர்கள் வானொலியைச் சூழ்ந்திருந்து செய்தி கேட்போம். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் தேயும். அந்தத் தைனமோவைப் பிரித்துக் காட்டினேன். நடுவிற் காந்தம் சுழல்கின்றது. சுற்றிலும் கம்பிச்சுருள் அசையாதிருக்கின்றது. மோட்டரில் கம்பிச்சுருள் உள்ளே அசையாதிருக்கின்றது. வெளியே காந்த வளையம் சுழல்கின்றது. மோட்டரைத் துளைகருவி ஒன்றிற் பூட்டிச் சுற்றினோம். இரு கம்பிகளுக்கிடையே தொடுத்த சிறிய மின்குமிழ் எரிந்தது. தடைசெய்யப்பட்ட மின்கலத்துக்குப் பதிலாக நாங்கள் கையாற் சுற்றிய அதே பொருள், முப்பது ஆண்டு கழித்து மறுதலையாகத் திரும்பி எங்கள் விறாந்தைக்கு வந்திருந்தது. தச்சர் மகள் அந்தத் தைனமோவைத் தனக்குத் தரமுடியுமா என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

முதல் முறை இயக்கியபோது மோட்டர் எதிர்ப்புறமாகச் சுழன்றது. மூன்று கம்பிகளில் எந்த இரண்டையும் மாற்றிப் பூட்டினால் திசை மாறும் என்பதை அவர்கள் தாமே கண்டுபிடித்தார்கள். எனக்கு முன்னரே தெரிந்ததை நான் சொல்லவில்லை. பெற்றோல் எந்திரத்தைவிட மோட்டர் இலேசாயிருந்தபடியால் விமானத்தின் மூக்கு எழும்பியது. பெற்றோற் தாங்கி இருந்த இடத்துக்கு முன்னே மின்கலங்களைத் தள்ளி வைத்து, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 12 சென்ரிமீற்றரில் ஈர்ப்பு மையம் விழும்வரை அவற்றை நகர்த்தினோம். எண்ணெய் ஊறிய பலகையைச் சுரண்டி மாற்றினோம். மின்கலம் சூடேறாதிருக்கக் காற்று நுழைய ஒரு வாயும், வெளியேற அதைவிடப் பெரிய வாயும் வெட்டினோம். வாங்குவதைவிட விடுவது பெரிதாக இருந்தாற்றான் காற்று ஓடும்.

ஆபத்துகளையும் மறைக்கக்கூடாது. பெற்றோல் எந்திரத்தின் சுழலி கையிற் பட்டால் வெட்டும்; ஆனால் எந்திரம் பெரும்பாலும் நின்றுவிடும். மின்மோட்டரோ தடை வந்தால் இன்னும் பலமாகத் தள்ளும். சத்தமில்லாமல் நிற்கின்றதே என்று பதினெட்டு அங்குலச் சுழலியின் முன்னே கை நீட்டுபவன் விரலை இழப்பான். மின்கலத்தைத் தொடுத்த கணமே அது சுழல்கின்றதென்று கொள்ள வேண்டும் என்பது எங்கள் முதற் சட்டம். இலிதியம் மின்கலம் அடிபட்டாலோ அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினாலோ தீப்பற்றும்; அந்தத் தீயை அணைப்பது எளிதன்று. நாங்கள் முற்றத்திலே, மணல் பரப்பிய பொங்கற் பானைக்குள் வைத்து, பக்கத்தில் ஒருவர் இருந்துதான் மின்னேற்றினோம். இலட்சக்கணக்கிற் செலவிட்டு இவற்றைப் பாடசாலைக்கு வாங்குவோர் இந்தப் பானையை மறந்துவிடக்கூடாது.

மின்சாரத்தாற் பறப்பது புதுமையென்று நினைப்போருக்காக இரண்டொரு செய்தி சொல்லலாம். 1884 ஆகஸ்ட் 9 ஆம் திகதி பிரெஞ்சுப் படையினரான ரெனாரும் கிரெப்சும் ‘லா பிரான்ஸ்’ என்னும் வாயுக்கப்பலை மின்கலத்தால் இயக்கி, 23 நிமிடத்தில் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ரைற் சகோதரர் பறப்பதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னே! 1957 யூன் 30 இல் இங்கிலாந்தில் கேணல் தப்ளின் என்பவர் ‘றேடியோ குயின்’ என்னும் மாதிரி விமானத்தை வெள்ளி நாக மின்கலத்தாலும் வானொலிக் கட்டுப்பாட்டாலும் பறக்கவிட்டார். 1973 இல் ஒஸ்திரியாவில் மனிதனை ஏற்றிய மின்விமானம் எழுந்தது; அதற்குக் காரணராயிருந்த மிலிற்கி என்பவர் மாதிரி விமானங்களிற் பழகி அவ்வழியே வந்தவர். எண்ணம் எப்போதும் இருந்தது, தகுந்த மின்கலந்தான் இருக்கவில்லை. இலிதியம் அயன் மின்கலம் சந்தைக்கு வந்தது 1991 இல். அதற்கு அடிகோலிய மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 2019 இல்.

அனுமதி பெறும் கதையை நீட்ட விரும்பவில்லை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் நாடெங்கும் ஆளில்லா வானூர்திகள் பறப்பது தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. எங்களுக்கு அருகே இரணைமடுவில் விமானப்படைத் தளமும் இருக்கின்றது. 2007 மார்ச்சில் கட்டுநாயக்கா வரை சென்று குண்டு போட்ட சிறு விமானங்கள் எழுந்ததும் வன்னி மண்ணிலிருந்தே. ஆகவே இங்கே ஒரு பொருள் பறந்தால் அரசாங்கத்துக்கும் பயம், சனங்களுக்கும் பயம். ஓர் அலுவலகத்தில் உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எவ்வளவு பாரம் தூக்கும், சேர்?” என்று கேட்டார். கேள்வியின் உட்பொருள் எனக்கு விளங்கியது. அவர்மேற் கோபம் வரவில்லை. அவரும் இந்த மண்ணில் வளர்ந்தவர்தானே. கடிதங்கள் போய்வந்து முடியக் காலபோக அறுவடையும் முடிந்தது.

2023 பங்குனியில், வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத ஒரு காலைப்பொழுதில், அறுத்த வயலைப் பறப்பிடமாகக் கொண்டோம். எங்கு பறக்கலாம் என்பது காற்றை மாத்திரம் பொறுத்ததன்று. வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றுப்பெறவில்லை. விழுந்த விமானத்தைத் தேடிப் பிள்ளைகள் அறியாத பற்றைக்குள் ஓடும் நிலை வரக்கூடாது. ஆண்டுதோறும் உழுது விதைக்கும் வயலைத் தெரிந்தது அதனாற்றான்.

விமானம் முப்பது மீற்றர் ஓடி எழுந்தது. சுழலி காற்றை அறுக்கும் மெல்லிய ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நூறடி உயரத்துக்குப் போனதும் அதுவும் இல்லை. வரம்பில் இருந்த கொக்குகள் எழவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டி மருமகனின் கையில் இருந்தது. அவன் இதற்காகவே தன் பயணத்தைப் பின்போட்டிருந்தான். எட்டு நிமிடம் பறந்து இறங்கியபோது இடப்பக்கச் சில்லு ஒரு கட்டியில் மோதி வளைந்தது. அது தவிரக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் வெற்றிக் களிப்போடு திரும்பிப் பார்த்தேன். வரம்பிலே, பேரனின் தோளைப் பற்றிக்கொண்டு ஆச்சி நின்றா. அவவுக்காக அல்லவா இத்தனையும் செய்தோம்! கிட்டப் போய், “பாத்தியளா ஆச்சி, சத்தமே இல்லை” என்றேன்.

“அதுதான் மாஸ்டர் எனக்குப் பயமாக் கிடக்கு” என்றா. “சத்தம் கேட்டால் ஓடியாவது ஒளிக்கலாம். சத்தமில்லாமல் வாறதை என்னெண்டு நம்புறது?”

ஒன்பது மாத வேலை ஒரு வாக்கியத்திற் கலைந்தது போலிருந்தது. கணக்குகள் யாவும் சரி. நான் எடுத்துக்கொண்ட வினாவே பிழை. ஓசையை நீக்கினால் அச்சம் நீங்கிவிடும் என்று ஒரு பௌதிகவியலாசிரியன் நினைத்ததில் வியப்பில்லை. என்ன சொல்வதென்று நான் தடுமாறிக்கொண்டிருக்கையில், தச்சர் மகள் விமானத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஆச்சியின் முன்னே வைத்தாள். வாலைப் பிடித்து ஆட்டச் சொன்னாள். மூடியைத் திறந்து, உள்ளே மரச்சட்டங்களையும் மின்கலங்களையும் காட்டினாள். ஆச்சி இறக்கையைச் சுண்டிப் பார்த்தா. “பட்டம் மாதிரிக் கட்டியிருக்கிறியள்” என்றா. அவ சிறுமியாயிருந்தபோது வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தோடு இங்கே வந்த குடும்பம். வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் தைப்பொங்கல் நாளிற் பட்டப் போட்டி நடப்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆச்சியின் தமையனார் ஒருவர் பெட்டிப் பட்டத்துக்கு விண் பூட்டி இரவு முழுவதும் கூவவிடுவாராம். பெட்டிப் பட்டம் என்றதும் ஹார்கிரேவ் என்னும் அவுஸ்திரேலியர் 1894 இல் நான்கு பெட்டிப் பட்டங்களிற் தொங்கி நிலத்தை விட்டெழுந்ததையும், அந்த அமைப்பே ஆரம்ப கால விமானங்கள் பலவற்றுக்கு வழிகாட்டியதையும் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. ஆச்சி பேசிக்கொண்டிருந்தா.

அன்று தொடக்கம் நான் மூன்றாவது நிபந்தனையை வற்புறுத்துகிறேன். வேலிக்குள்ளே கட்டி, ஒருநாள் திடீரென்று தலைக்கு மேலே விடுவது தகாது. கட்டும்போதே ஊரார் வந்து பார்க்க வேண்டும், தொட வேண்டும், குறை சொல்ல வேண்டும். யார் கையிற் கட்டுப்பாடு இருக்கின்றதென்பது எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். வானத்திலிருந்து எங்களைப் பார்த்தவர்களை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. வண்டின் கொடுமையிற் பாதி அதுதான்.

இதை மறுப்போர் இருக்கிறார்கள். நண்பர் ஒருவர், இதென்ன வீண் வேலை, கடையில் நாற்சுழலி வாங்கினால் ஐந்து நிமிடத்திற் பறக்கும் என்கிறார். பறக்கும், யார் பறக்க வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதனுள் இருக்கும் சில்லு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சமன் செய்து பறக்க வைக்கின்றது, மாணவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். வயலுக்கு மருந்து தெளிக்க அது உதவும், மறுக்கவில்லை. கற்பதற்கு இறக்கை வேண்டும், ஈர்ப்பு மையம் வேண்டும், மோட்டர் நின்றாலும் மிதந்து இறங்கும் உடல் வேண்டும். பெரிதாக ஏன் கட்ட வேண்டும் என்பாருக்கும் இதுவே விடை: கை நுழையுமளவு பெரிதானால் உள்ளே நடப்பது தெரியும், தூரத்தே பறந்தாலும் கண்ணுக்குப் புலப்படும், பழுது பார்க்கவும் இலகு.

வேறொருவர், இது விளையாட்டுச் சாமான் என்கிறார். 1871 இல் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் முறுக்கிய இறப்பரால் இயங்கும் சிறு விமானத்தைப் பாரிசிற் பதினொரு விநாடி பறக்கவிட்டார். அவர் செய்த இறப்பர் பொம்மைகளின் வழிவந்த ஒன்றைத்தான் ரைற் சகோதரருக்குத் தந்தையார் 1878 இல் வாங்கிக் கொடுத்தார்.

பணமில்லை என்பவர்களுக்கு மாத்திரம் என்னிடம் எளிய மறுமொழி இல்லை. எனக்கு ஜேர்மனியில் ஒரு மருமகன் இருக்கிறான். எல்லாப் பாடசாலைகளுக்கும் அப்படி ஒருவர் இல்லை. ஆறாம் வகுப்பில் இறப்பர் முறுக்கிய விமானத்தோடு தொடங்கலாம். அதற்கு ஈர்க்கும் தாளும் போதும். ஒன்பதாம் வகுப்பில் ரெஜிபோமில் மிதவை விமானம் வெட்டலாம். பெரிய விமானம் ஒரு வலயத்துக்கு ஒன்று இருந்தாற் போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றது; 2021 இல் வவுனியாவுக்கும் தனிப் பல்கலைக்கழகம் கிடைத்தது. அங்கு பயிலும் மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை பாடசாலைகளுக்கு வந்தால் எங்கள் பிள்ளைகள் எவ்வளவோ கற்பார்கள். மின்கலத்தின் நிறையைக் கிளியிடம் கேட்டறியும் நிலையிலா நாம் இருக்கிறோம்? தராசு எல்லாப் பாடசாலையிலும் உண்டு.

வளைந்த சில்லை நிமிர்த்தியாகிவிட்டது. அடுத்த பறப்புக்குத் தச்சர் மகள் ஒரு யோசனை சொல்லியிருக்கிறாள். ஆச்சி சத்தம் வேண்டுமென்கிறா; வண்டின் சத்தம் கூடாது; அப்படியானால் விமானத்துக்கு ஒரு விண் பூட்டினால் என்ன? ஆச்சியே வில்லை வளைத்து நாடா கட்டிக் கொடுத்திருக்கிறா. பட்டத்துக்குப் பூட்டும் அளவிற் பூட்டினால் விமானத்தின் வேகத்துக்கு நாடா அறுந்துவிடும் என்கிறான் ஒருவன். இறக்கைக்கு மேலா, வாலுக்கு அருகிலா என்பது முடிவாகவில்லை. அதனாற் கூடும் இழுவிசைக்கு எத்தனை அம்பியர் அதிகம் வேண்டும், பத்து நிமிடத்தில் எவ்வளவு குறையும் என்று மூவரும் என் விறாந்தையில் இருந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இம்முறை மூன்று விடைகளும் மூன்றாக வந்திருக்கின்றன.